அப்பாவுக்கு வாங்கிய ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை

அப்பா பீடியை விட்டு 12 ஆண்டுகள் ஆகின்றன. லாரி ஓட்டிய 30 ஆண்டுகளும் நாளுக்கு இரண்டு கட்டுக்குக் குறையாமல் ஊதியவர், என் மகள் பிறந்த வாரத்தில் சட்டைப்பையிலிருந்த கட்டைக் குப்பையில் போட்டார்; அதன்பிறகு ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் அந்த நுரையீரல் பட்ட பாட்டுக்கு ஏதாவது பரிகாரம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது. சென்ற ஆண்டு ஒரு மருந்துக் கடையில், உடம்பின் செல்களைக் காக்கும், முதுமையைத் தள்ளிப்போடும் என்று எழுதிய ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை டப்பா ஒன்றைப் பார்த்ததும் விலையைக்கூட யோசிக்காமல் வாங்கி வந்தேன். மூன்று மாதம் தவறாமல் தினமும் காலையில் நானே எடுத்துக் கொடுத்தேன்.

மழைக்காலத்தில் அவருக்கு இருமல் நீடித்தபோது நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். சாப்பிடும் மருந்துகளையெல்லாம் காட்டச் சொன்னார். டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தில் இருந்த பட்டியலைப் படித்தவர், பீட்டா கரோட்டின் என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு, "ஐயா எத்தனை வருஷம் பீடி குடிச்சார்?" என்று கேட்டார். சொன்னேன். "இதை இன்னையோட நிறுத்திடுங்க. முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி எவ்வளவு வேணும்னாலும் கொடுங்க" என்றார். உடம்பு வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும் இந்தப் பீட்டா கரோட்டின்தானே முருங்கைக்கீரையிலும் கேரட்டிலும் இருக்கிறது, அதை நிறையக் கொடுக்கச் சொல்லிவிட்டு இதை ஏன் நிறுத்தச் சொல்கிறார் என்ற கேள்வி அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. அதற்கு விடை தேடிப் படித்ததையும், அதன்பிறகு எங்கள் வீட்டுச் சமையலில் மாறியவற்றையும் இங்கே எழுதுகிறேன். என்னைப் போல அன்பின் பெயரால் டப்பா வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் பலர் இருப்பார்கள்.

ஆக்சிஜனேற்றம் என்பதை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடிப்பது மூக்குதான். பாதி தீர்ந்து பல வாரம் அடுப்பருகே கிடந்த சூரியகாந்தி எண்ணெயைத் திறந்தால் வருகிற சிக்கு வாடை, பழைய முறுக்கைக் கடித்ததும் தொண்டையில் நிற்கிற காறல் ஆகியவை ஆக்சிஜன் கொழுப்பைத் தாக்கியதன் விளைவுகள். எலக்ட்ரான்கள் இணை இணையாக இருக்கும்போது மூலக்கூறு அமைதியாக இருக்கும். இணையற்ற எலக்ட்ரான் ஒன்றோடு நிற்கும் மூலக்கூறுக்கு ஃப்ரீ ராடிக்கல் என்று பெயர். அது பக்கத்து மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்கும், பறிகொடுத்தது அடுத்ததிடம் பறிக்கும், இப்படியே சங்கிலியாகப் பரவி எண்ணெய் முழுவதும் கெட்டுப்போகும். தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டும் தான் பெரிதாக நிலைகுலையாமல் அந்தச் சங்கிலியை அறுக்கக்கூடிய பொருள்தான் ஆன்டிஆக்ஸிடன்ட்.

இதற்கு நல்லெண்ணெயைவிட நல்ல சாட்சி நம் சமையலறையில் இல்லை. மற்ற பல எண்ணெய்கள் சில மாதங்களில் காறிப்போக, அம்மா சித்திரையில் போடும் மாங்காய் ஊறுகாய் அடுத்த சித்திரை வரை சாடியில் அப்படியே இருக்கிறதென்றால், உப்பும் காரமும் மட்டும் அதற்குக் காரணமில்லை. எள்ளில் சீசமின், சீசமோலின் என்ற பொருள்கள் உண்டு. எண்ணெயைக் காய்ச்சும்போது சீசமோலின் சிதைந்து சீசமால் உண்டாகிறது, அது வலிமையான ஆன்டிஆக்ஸிடன்ட். ஊறுகாய்க்கு நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்ற வேண்டும் என்று அம்மா கறாராகச் சொல்வது ஈரம் போவதற்காக என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அது மட்டுமில்லை என்று இப்போது தெரிகிறது.

எண்ணெயில் நடப்பது நம் உடம்பிலும் நடக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு செல்லையும் சுற்றியுள்ள உறை கொழுப்பால் ஆனது. சாப்பிட்ட உணவை, செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனோடு சேர்த்து எரிக்கும்போது ஒரு சிறு பகுதி சூப்பர்ஆக்ஸைடு என்ற ராடிக்கலாகக் கசிகிறது. பீடிப் புகையும் வெயிலும் வாகனப் புகையும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. ஆனால் உடம்பு இதை வெறுங்கையோடு எதிர்கொள்வதில்லை. டியூக் பல்கலைக்கழகத்தில் இர்வின் ஃபிரிடோவிச்சும் அவருடைய மாணவர் ஜோ மெக்கார்டும் 1969-இல் இனங்கண்ட சூப்பர்ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி, அதோடு கேட்டலேஸ், குளூட்டதயோன் பெராக்சிடேஸ் ஆகியவை இரவு பகலாக இந்த வேலையைச் செய்கின்றன. செல் உறைக்குள் வைட்டமின் இ நின்று சங்கிலியை அறுக்கிறது. தேய்ந்துபோன வைட்டமின் இ-யை வைட்டமின் சி மீட்டெடுக்கிறது. இவற்றைவிட எனக்குப் புதிதாக இருந்தது வேறொரு செய்தி. நம் வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்வதற்கு இதே ராடிக்கல்களைத்தான் தாமாகவே உற்பத்தி செய்து பயன்படுத்துகின்றன. அதாவது இவை அடியோடு ஒழிக்க வேண்டிய விஷம் என்று டப்பாவின் மேல் எழுதியிருந்தது பாதி உண்மைகூட இல்லை.

முதுமைக்கு ராடிக்கல்களே காரணம் என்று அமெரிக்காவின் டென்ஹம் ஹார்மன் 1956-இல் எழுதினார். பழமும் காய்கறியும் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு இதயநோயும் சில வகைப் புற்றுநோய்களும் குறைவாக வருகின்றன என்று பின்னர் ஆய்வுகள் காட்டின. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், காய்கறியிலுள்ள ஆன்டிஆக்ஸிடன்டைப் பிரித்தெடுத்து மாத்திரையாகக் கொடுத்தால் போதும் என்று தோன்றுவது இயல்புதான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆராய்ச்சியாளர்கள் அதை நினைப்போடு விடாமல் சோதித்துப் பார்த்தார்கள், அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

பின்லாந்தில் 50 முதல் 69 வயதுக்குட்பட்ட, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை நான்கு பிரிவாகப் பிரித்து, சிலருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், சிலருக்கு வைட்டமின் இ, சிலருக்கு இரண்டும், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை என ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-இல் முடிவு வெளியானபோது, பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்கள், விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர்கள் என 18,314 பேரிடம் நடந்துகொண்டிருந்த கேரட் என்ற பெயருள்ள சோதனையில், பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்தப் புற்றுநோய் 28 சதவீதம் அதிகம் என்று தெரியவந்ததால், 1996 ஜனவரியில், திட்டமிட்டதற்கு 21 மாதங்கள் முன்பே மாத்திரை கொடுப்பதை நிறுத்தினார்கள். இவற்றைப் படித்த இரவில் எனக்குக் கை நடுங்கியது. கண் விழித்திரை நோய்க்கான மாத்திரைக் கலவை ஒன்றைப் பற்றிய இன்னொரு பெரிய சோதனையின் முடிவு 2013-இல் வந்தது. அதிலும் பீட்டா கரோட்டின் பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடுதலாகவே காணப்பட்டது, வந்தவர்களில் பெரும்பாலோர் அப்பாவைப் போல முன்பே புகையை விட்டவர்கள். அதனால்தான் அந்தக் கண் மாத்திரைக் கலவையில் இப்போது பீட்டா கரோட்டினுக்குப் பதிலாக அதன் உறவுப் பொருள்களான லூட்டினும் சியாசாந்தினும் சேர்க்கப்படுகின்றன.

மருத்துவர் சொன்னதன் மறுபாதிக்கும் விடை அதே பின்லாந்து ஆய்வில் இருக்கிறது. சோதனை தொடங்கும் முன்பே, தாங்கள் உண்ட உணவின் மூலம் இரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகமாக இருந்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாகவே வந்திருந்தது. உணவில் வந்தபோது நல்ல அறிகுறியாக இருந்த ஒரு பொருள் தனியாகப் பிரித்துப் பெரிய அளவில் கொடுத்தபோது ஏன் தீங்கு செய்தது என்பதற்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கம், புகையால் புண்பட்ட நுரையீரலில் அளவுக்கு மிஞ்சிச் சேரும் பீட்டா கரோட்டின் தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து, அதன் சிதைவுப் பொருள்கள் செல்களைத் தாக்குகின்றன என்பது. கீரையில் அது நூற்றுக்கணக்கான மற்ற பொருள்களோடும் நாரோடும் கலந்து, சிறிது சிறிதாக உடம்பில் சேர்கிறது. காய்கறி தரும் நன்மைக்கு அதிலுள்ள ஆன்டிஆக்ஸிடன்ட் மட்டும்தான் காரணம் என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. நாரும் பொட்டாசியமும் ஃபோலேட்டும் அதே தட்டில்தான் இருக்கின்றன.

வைட்டமின் இ-யின் கதையும் இதேபோல்தான். 35,533 ஆண்களிடம் நடந்த சோதனையில் நாளுக்கு 400 யூனிட் வைட்டமின் இ சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமாக வந்தது என்று 2011-இல் அறிவிக்கப்பட்டது. 78 சோதனைகளை, அவற்றில் பங்கேற்ற ஏறத்தாழ 3 லட்சம் பேரின் விவரங்களோடு தொகுத்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2012-ஆம் ஆண்டு அறிக்கை, ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளால் ஆயுள் கூடவில்லை, பீட்டா கரோட்டினும் வைட்டமின் இ-யும் இறப்பைச் சற்றுக் கூட்டவே செய்யலாம் என்று முடித்தது. ஊட்டச்சத்துக் குறைபாடு மிகுந்திருந்த சீனாவின் லின்ஷியன் பகுதியில் மட்டும் பீட்டா கரோட்டின், வைட்டமின் இ, செலினியம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தபோது இறப்பு 9 சதவீதம் குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறைபாடு உள்ளவர்களுக்குக் கொடுப்பது சிகிச்சை; அதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

அப்பா தினமும் காலையில் கண்மாய்க்கரை வரை நடந்துவிட்டு வந்து அந்த மாத்திரையைப் போடுவார். ஜெர்மனியில் 2009-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வைப் படித்தபோது அதையும் நினைத்து வருந்தினேன். இளைஞர்கள் சிலரை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்யவைத்து, பாதிப்பேருக்கு வைட்டமின் சி-யும் இ-யும் அதிக அளவில் கொடுத்தபோது, மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது, சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. உடற்பயிற்சியின்போது தோன்றும் ராடிக்கல்களே உடம்புக்கு, உன் தற்காப்பைப் பலப்படுத்திக்கொள் என்று சைகை கொடுக்கின்றன. மாத்திரை அந்தச் சைகையை அணைத்துவிடுகிறது என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம்.

ஆகவே தட்டுக்குத் திரும்பினோம். முதலில் திரும்பி வந்தது துவர்ப்பு. அறுசுவையில் அதை எண்ணுகிறோமே தவிர, எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக அது வெற்றிலைப் பாக்கோடு நின்றுபோயிருந்தது. நெல்லிக்காய், நாவற்பழம், வாழைப்பூ, அத்திக்காய், மாதுளையின் மெல்லிய தோல் ஆகியவற்றை மெல்லும்போது வாய் வறண்டு நாக்கு இழுப்பதுபோல் தோன்றுவதற்குக் காரணம், அவற்றிலுள்ள டானின்கள் எச்சிலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வது. டானின்கள் பாலிஃபீனால் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் குடும்பத்தைச் சேர்ந்தவை. துவர்க்கிறது என்று நாம் ஒதுக்கியவற்றில்தான் அவை நிறைய இருக்கின்றன.

வாழைப்பூ ஆய்கிற வேலையை இப்போது அப்பா எடுத்துக்கொண்டிருக்கிறார். கறை பிடிக்காமலிருக்க இரண்டு கைகளிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, திண்ணையில் முறத்தை வைத்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் கள்ளனையும் கண்ணாடிபோன்ற சிறு செதிலையும் பொறுமையாக எடுப்பார். நறுக்கியதை உடனே மோர்த் தண்ணீரில் போட வேண்டும். இல்லாவிட்டால் சில நிமிடங்களில் கறுத்துவிடும். கத்தி பட்டுச் செல்கள் உடைந்ததும் உள்ளே தனித்தனியாக இருந்த பாலிஃபீனாலும் அதன்மேல் வேலை செய்யும் நொதியும் சேர்ந்துவிடுகின்றன, காற்றிலுள்ள ஆக்சிஜனும் கூடுகிறது, கருநிறம் உண்டாகிறது. மோரின் புளிப்பு அந்த நொதியை முடக்குகிறது. கத்தரிக்காயும் வாழைக்காயும் கறுப்பது இதே முறையில்தான். காய் கறுக்கிறதென்றால் அதில் பாலிஃபீனால் இருக்கிறது என்று பொருள். நாம் தடுப்பது அது வீணாவதை. ஒருநாள் என் மகள் நறுக்கிய துண்டுகளில் பாதியை மோரிலும் பாதியை வெறும் தட்டிலும் வைத்து, அரை மணி நேரம் கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தட்டிலிருந்தவை மரப்பட்டை நிறத்துக்கு வந்திருந்தன, மோரிலிருந்தவை வெளிறியபடியே இருந்தன.

நெல்லிக்காயில் வைட்டமின் சி 100 கிராமுக்கு 250 முதல் 600 மில்லிகிராம் வரை இருப்பதாக நம் நாட்டு உணவு அட்டவணைகள் வெவ்வேறு காலங்களில் பதிவு செய்திருக்கின்றன. குறைந்த கணக்கையே வைத்துக்கொண்டாலும், பெரிய நெல்லிக்காய் ஒன்று, ஆண்களுக்கு நாளுக்கு 80 மில்லிகிராம் என்று 2020-இல் வகுக்கப்பட்ட தேவையை ஏறக்குறைய நிறைவுசெய்துவிடும். கொய்யாவும் அதற்கு அதிகம் பின்தங்கியதில்லை, விலையும் குறைவு. வைட்டமின் சி சூட்டிலும் தண்ணீரிலும் அழியும், கரையும். ஆகவே இவற்றைப் பச்சையாகவே தின்கிறோம், கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் ரசத்தில் சேர்த்துவிடுகிறோம்.

கரோட்டின் வகைகள் நேரெதிரானவை. அவை கொழுப்பில் கரைபவை, சிறிது எண்ணெயோ தேங்காயோ இல்லாமல் குடல் அவற்றைச் சரியாக உறிஞ்சாது. முருங்கைக்கீரைப் பொரியலில் தேங்காய்த் துருவல் போடுவது ருசிக்கு மட்டும் என்று நினைத்து, உடம்பு இளைக்க வேண்டும் என்று நான் அதை நிறுத்தியிருந்தேன், மறுபடி சேர்த்துவிட்டேன். தக்காளியின் சிவப்பான லைக்கோபீனும் எண்ணெயில் வதங்கிய பிறகே நன்றாக உடம்பில் சேரும், பச்சைத் தக்காளித் துண்டைவிடத் தொக்கு இந்த ஒரு விஷயத்தில் மேல்.

கருப்புக் கவுனி அரிசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் விசேஷத்துக்குச் செய்யும் கவுனி அரிசி இனிப்பு பலருக்குத் தெரியும். அந்தக் கருஞ்சிவப்பு நிறம் ஆந்தோசயனின் என்ற பாலிஃபீனால், நாவற்பழத்தின் நீலச்சிவப்பும் அதுதான். அது தவிட்டுப் படலத்தில் இருக்கிறது, ஆகவே தீட்டிய அரிசியில் இருக்காது. இரவு ஊறவைத்தால் காலையில் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். அதில் எலுமிச்சை பிழிந்தால் பளிச்சென்று சிவக்கும். முதல்முறை அந்தத் தண்ணீரை அழுக்கு என்று நினைத்து மூன்று தடவை கொட்டிவிட்டேன். இப்போது ஒருமுறை லேசாகக் கழுவிவிட்டு, ஊறிய தண்ணீரிலேயே வேகவைக்கிறோம்.

மஞ்சளில் குர்க்குமின் எடையில் ஏறத்தாழ 3 சதவீதம்தான், அதிலும் உடம்பில் சேர்வது மிகக் குறைவு. மிளகிலுள்ள பைப்பரின் அதை 20 மடங்கு கூட்டுகிறது என்று பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் 1998-இல் காட்டினார்கள். இதைச் சாக்காக வைத்து மிளகுச் சாறு சேர்த்த குர்க்குமின் மாத்திரைகள் விற்கப்படுகின்றன. அப்படிப்பட்ட மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. சளிக்கு மஞ்சளும் மிளகும் போட்ட பால் குடிப்பது வேறு, மாதக்கணக்கில் செறிவூட்டிய மாத்திரை விழுங்குவது வேறு.

இந்தப் பழத்தில் இவ்வளவு புள்ளி என்று ஆன்டிஆக்ஸிடன்ட் ஆற்றலை எண்ணாகப் போடும் விளம்பரங்களையும் நம்ப வேண்டாம். சோதனைக் குழாயில் அளந்த அந்த எண்கள் உடம்புக்குள் நடப்பதைக் காட்டுவதில்லை என்பதால், அமெரிக்க வேளாண் துறையே தன் இணையதளத்திலிருந்த அந்த அட்டவணையை 2012-இல் எடுத்துவிட்டது. ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டி, நாளுக்குக் காய்கறி, கீரை சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம் என்று எளிமையாகச் சொல்கிறது. (அந்த நிறுவனம் 1918-இல் இராபர்ட் மெக்காரிசன் நம் குன்னூரில் ஓர் அறையில் தொடங்கியது என்று அறிந்தபோது மகிழ்ச்சியாக இருந்தது.) எங்கள் வீட்டில் ஒருநாள் எல்லாவற்றையும் தராசில் வைத்துப் பார்த்தேன். நான்கு பேருக்கும் சேர்த்தே 600 கிராம்தான் வந்தது. சாம்பாரில் மிதக்கும் நான்கு முருங்கைத் துண்டைக் காய்கறி என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். இப்போது சோற்றின் அளவு குறைந்து, பொரியலும் கூட்டும் இரண்டும் மதியம் உண்டு.

அப்பாவின் டீயோடுதான் இன்னும் மல்லுக்கட்டு நடக்கிறது. டீயிலும் பாலிஃபீனால்கள் நிறைய, ஆகவே அதை நிறுத்தவேண்டிய அவசியமில்லை. ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் அதே பாலிஃபீனால்கள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்கின்றன. அவருக்கோ இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11-தான். கை கழுவியதும் டீ டம்ளரைத் தேடுவது லாரிக் காலத்துப் பழக்கம். ஒரு மணி நேரம் பொறுங்கள் அப்பா என்றேன். முதல் வாரம் பத்து நிமிடம் பொறுத்தார். இப்போது சாப்பிட்டு முடித்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய், மறுநாளைக்கான கீரையை ஆய்ந்து முடித்த பிறகுதான் அம்மாவிடம் டீ கேட்கிறார். அதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிடுகிறது.